மடத்துக் கோழிகள்

கோத்தகிரி

அன்புள்ள நண்பருக்கு,

உறைபனிக் காலம் என்பதால் வெயில் ஏறும்வரை வெளியே தலைகாட்ட முடிவதில்லை. பள்ளியில் பிரெஞ்சு எடுத்திருக்கும் பேத்தியோடு அடுப்படியில் உட்கார்ந்து, நானும் அம்மொழியின் வினைத்திரிபுகளை உரக்கப் படித்து வருகிறேன். புதுச்சேரிக்காரரான உங்களுக்கு இது சிரிப்பை வரவழைக்கும்.

'பேசுகிறார்கள்' என்பதற்குரிய வினையை அவள் முதல் நாள் 'பார்-லென்ட்' என்று படித்தாள். ஏட்டில் அசை பிரித்தால் இரண்டு துண்டுதான். வாயில் வருவதோ 'பார்ல்' என்னும் ஓரசை, கடைசி மூன்று எழுத்துகளும் ஊமை. நான், நீ, அவன் என்று எழுவாய் மாறினாலும் அதே 'பார்ல்'தான். 'நாங்கள்', 'நீங்கள்' வரும்போதுதான் 'பார்-லோன்', 'பார்-லே' என விகுதி வாய் திறக்கிறது. செய்யுளில் மட்டும் அந்த ஊமைக்கு மதிப்புண்டு: பழைய பன்னிரண்டசை அடியின் நடுவே மெய்யொலிக்கு முன் வந்தால் 'பார்ல்' ஈரசையாக எண்ணப்படும். நம் குற்றியலுகரத்துக்குத் தூரத்து உறவு போலும்.

'மடத்துக் கோழிகள் அடைகாக்கின்றன' என்பதைப் பிரெஞ்சில் எழுதினால், மடமும் அடைகாத்தலும் ஒரே எழுத்துக்கூட்டலில் அடுத்தடுத்து நிற்கும். பெயர்ச்சொல் 'கூ-வான்' என மூக்கொலியில் முடியும் ஈரசை. வினைச்சொல் வெறும் 'கூவ்'. பேத்தி மேசையில் விரலால் தட்டிப் பார்த்தாள். முதலதற்கு இரண்டு தட்டு, அடுத்ததற்கு ஒன்று என்று கை பழக இரண்டு நாள் ஆயிற்று.

எனக்குப் பிடித்தது புணர்ச்சிதான். 'இல்', 'எம்' சேர்ந்து 'இ-லெம்' (அவன் நேசிக்கிறான்) ஆகிறது. மெய்யின்மேல் உயிர் ஏறுவது நமக்குப் புதிதா என்ன? பன்மையிலோ, எழுவாயின் ஈற்றில் பேசாமல் கிடந்த 'எஸ்' எழுத்து உயிரைக் கண்டதும் விழித்துக்கொண்டு அடுத்த அசைக்குத் தாவ, 'இல்-ஸெம்' என்றாகிறது. வினையின் வாலில் கேட்காத பன்மை, இரு சொல்லும் சேரும் மூட்டில் கேட்கிறது! அந்த ஸகரம் வண்டின் ரீங்காரம்போல் அதிர வேண்டும். அதிராவிட்டால் 'அவர்களிடம் உண்டு' என்று சொல்லப்போய் 'அவர்கள் இருக்கிறார்கள்' என்று சொன்னதாகிவிடும். என் பல்செட்டில் அது அதிர மறுக்கிறது. பேத்தி ஒவ்வொரு முறையும் திருத்துகிறாள்.

உங்கள் தெருவில் பிரெஞ்சு பேசும் பெரியவர் எவரேனும் இருந்தால், 'அவர்களிடம் உண்டு', 'அவர்கள் இருக்கிறார்கள்' என்னும் அவ்விரு தொடரையும் பிரெஞ்சில் மெல்லச் சொல்லவைத்துக் கைப்பேசியில் பதிந்து அனுப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய நண்பன்