கோல் கம்பங்களுக்கு நடுவே ஒரே ஓர் இடம்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு இதழின் விளையாட்டுப் பக்கத்தில் தொழில்முறைக் கோல்காப்பாளர்களின் வாழ்க்கை பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. கிரிக்கெட்டே முழுப் பக்கத்தையும் விழுங்கும் நாட்டில் உதைபந்தாட்டத்துக்கு, அதிலும் கோல்காப்பாளருக்கு, அரைப் பக்கம் கிடைத்ததே பெரிய காரியம். ஆனால் அந்த அரைப் பக்கத்தில் பாதி கல்யாணம், கார், வீடு. மீதி 'பறந்து பிடித்தார்', 'பாய்ந்து தடுத்தார்'. அந்தத் தொழில் எப்படி ஓடுகிறது என்பதைக் காணவில்லை.

முதலில் இரண்டு திருத்தங்கள். பந்தை ஆறு செக்கனுக்கு மேல் கையில் வைத்திருந்தால் எதிரணிக்கு மறைமுக ஃப்ரீ கிக் (இன்னொருவர் பந்தைத் தொடாமல் கோல் ஆகாத உதை) என்று எழுதியிருந்தீர்கள். அது பழைய சட்டம். 2025 ஜூலை முதல் எட்டு செக்கன்; மீறினால் எதிரணிக்குக் கோர்ணர். கடைசி ஐந்து செக்கனையும் மத்தியஸ்தர் கையை உயர்த்தி விரல் விட்டு எண்ணிக் காட்டுவார். கோலுக்குப் பக்கத்தில் மறைமுக ஃப்ரீ கிக் கொடுப்பது பெரிய தண்டனை என்பதால் பழைய சட்டத்தை மத்தியஸ்தர்கள் கண்டும் காணாமல் விட்டார்கள். தண்டனையைக் குறைத்தால்தான் சட்டம் நடக்கும் என்று கண்டுதான் மாற்றினார்கள். அடுத்தது, பெனல்டியின்போது இரண்டு காலும் கோட்டில் இருக்க வேண்டும் என்பதும் இப்போது இல்லை. 2019 முதல் பந்து உதைபடும் கணத்தில் ஒரு காலின் ஒரு பகுதி கோட்டில் இருந்தால் போதும். இது சின்ன விஷயமல்ல. 11 மீற்றரில் இருந்து மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில் வரும் பந்து ஏறத்தாழ 0.4 செக்கனில் கோட்டைத் தாண்டிவிடும். பந்தைப் பார்த்த பிறகு முடிவெடுக்க நேரமே இல்லை. உதைப்பவரின் ஊன்றும் கால் எந்தப் பக்கம் நோக்குகிறது, இடுப்பு எப்படித் திரும்புகிறது என்பதைப் பார்த்துத்தான் புறப்பட வேண்டும். ஒரு காலைக் கோட்டில் விட்டு மற்றக் காலால் முன்னே ஓரடி வைக்க முடிந்தால், அந்த அடியே பாய்ச்சலுக்கு வலுக் கொடுக்கும்.

'பறந்து பிடித்தார்' என்ற புகழ்ச்சிக்கு வருகிறேன். கோலின் அகலம் 7.32 மீற்றர், உயரம் 2.44 மீற்றர். பறப்பது பார்க்க அழகுதான், ஆனால் பல வேளைகளில் அது முன்கூட்டி வைக்காமல் விட்ட ஓரடிக்குக் கொடுக்கும் விலை. நல்ல கோல்காப்பாளர் பந்துக்கும் கோலின் நடுப்புள்ளிக்கும் இடையிலான கற்பனைக் கோட்டை விட்டு விலகமாட்டார். பந்து பக்கவாட்டில் போனால் அவரும் சிறு அடிகளாக நகர்வார், உதைப்பவர் தலை குனியும் கணத்தில் நின்றுவிடுவார். பாதத்தின் முன்பகுதியில் பாரம், முழங்கால் கொஞ்சம் மடிந்து, கைகள் இடுப்பு உயரத்தில். அந்தக் கணத்தில் இன்னும் முன்னோக்கி ஓடிக்கொண்டிருந்தால் பாரம் ஒரு காலில் மாட்டிக்கொள்ளும், பக்கவாட்டில் தள்ளி எழும்ப முடியாது. தொலைக்காட்சியில் 'நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார்' என்று திட்டு வாங்கும் கோல்களில் பல இப்படி விழுந்தவைதான். விழுவதற்கும் முறை உண்டு: கெண்டைக்காலின் வெளிப்பக்கம், தொடை, இடுப்பு, விலா என்று வரிசையாக நிலம் தொட வேண்டும். முழங்கையை ஊன்றி விழுபவருக்குத் தோள் போகும். மழை இல்லாத மாதங்களில் கொழும்பு மைதானங்கள் சிமெந்துத் தரை போல இறுகிக் கிடக்கும்போது இது இன்னும் முக்கியம்.

கட்டுரை தொடாமலே விட்ட பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. பதினொரு பேரில் கோல்காப்பாளருக்கு உள்ளது ஒரே ஓர் இடம். முன்வரிசை ஆட்டக்காரர் தன் இடத்தை இழந்தால் ஓரத்தில் ஆடலாம், எழுபதாவது நிமிடத்தில் மாற்று வீரராக இறங்கலாம். ஒரு போட்டியில் ஐந்து மாற்றங்கள் அனுமதிக்கும் இந்தக் காலத்திலும் காயமோ சிவப்பு அட்டையோ இல்லாமல் கோல்காப்பாளரை மாற்றுவது அபூர்வம். இரண்டாமவர், மூன்றாமவர் என்றால் வாங்கில் உட்கார்ந்தே வருடங்கள் போகும்.

இங்கிலாந்துக் கோல்காப்பாளர் ஸ்கொட் கார்சனைப் பாருங்கள். 2005இல் லிவர்பூல் சம்பியன்ஸ் லீக்கை வென்ற இஸ்தான்புல் இறுதிப் போட்டியில் அவர் வாங்கில் இருந்தார். 2007 நவம்பரில் 22 வயதில் இங்கிலாந்துக்காக முதல் தகுதிகாண் போட்டி. ஈரமான வெம்ப்ளி மைதானத்தில் குரோஷியாவின் கிரான்சார் தூரத்திலிருந்து அடித்த பந்து முன்னால் குத்தி எழும்பி, கையில் பட்டு வலைக்குள் போனது. இங்கிலாந்து 3-2 எனத் தோற்று 2008 ஐரோப்பியக் கிண்ணத்துக்குப் போகவில்லை. அதன் பிறகு மன்செஸ்டர் சிட்டியில் 2019 முதல் 2025 வரை மூன்றாம் கோல்காப்பாளர். அவ்வளவு காலத்திலும் விளையாடியது இரண்டே போட்டிகள். 2023இல் சிட்டி சம்பியன்ஸ் லீக்கை வென்றபோது மறுபடியும் இஸ்தான்புல், மறுபடியும் வாங்கு. இதைத் தோல்வி என்று சொல்லமாட்டேன். முதல் கோல்காப்பாளரைப் போட்டிக்கு முன் சூடேற்றுவது, பயிற்சியில் நூற்றுக்கணக்கான உதைகளை வாங்குவது, எந்த நேரம் அழைத்தாலும் இறங்கத் தயாராக இருப்பது என்று அதுவும் ஒரு தொழில்தான். இத்தாலியின் டினோ சொஃப் 1982இல் 40 வயதில் தலைவராக உலகக் கிண்ணம் வென்றதை மட்டும் எழுதினால், கோல்காப்பாளர் எல்லோரும் நீண்ட காலம் ஆடுவார்கள் என்று வாசகர் நினைத்துக்கொள்வார். நீண்ட காலம் காத்திருப்பவர்கள்தான் அதிகம்.

அந்த ஒரே இடம்தான் காயத்தை மறைக்க வைக்கிறது. விரல் நுனியில் பந்து நேராகப் பட்டு, மேல்மூட்டை நிமிர்த்தும் நாண் அறுந்தால் நுனி தொங்கிவிடும். வலி பெரிதாக இராது, அதனால் 'பிளாஸ்டர் ஒட்டினால் சரி' என்று விட்டுவிடுவார்கள். உண்மையில் அந்த நுனியை ஆறு முதல் எட்டு வாரம் இரவும் பகலும் நேராக வைத்துக் கட்ட வேண்டும். குளிக்கும்போது ஒரு தடவை மடங்கினாலும் வார எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். இதைவிட மோசமானது, கையை ஊன்றி விழுந்த பிறகு கட்டைவிரலின் அடியில், மணிக்கட்டுப் பக்கம் உள்ள குழியை அமர்த்தினால் எடுக்கும் நோவு. அங்கே ஒரு சிறிய எலும்பு முறிந்திருக்கலாம். முதல் எக்ஸ்ரேயில் தெரியாமல் போவது சாதாரணம். அசையாமல் கட்டி வைத்து, பத்துப் பதினான்கு நாளில் மறுபடி படம் பிடிக்க வேண்டும். அந்த எலும்புக்கு இரத்த ஓட்டம் குறைவு. சும்மா விட்டால் பொருந்தாமலே போய், சில வருடங்களில் மணிக்கட்டே தேய்ந்துவிடும். எட்டு வாரம் வெளியே இருந்தால் இரண்டாமவர் இடத்தைப் பிடித்துவிடுவார் என்ற பயத்தில் வைத்தியரிடமே போகாதவர்கள் இருக்கிறார்கள்.

சொந்த வாழ்க்கை எழுத வேண்டுமென்றால் தாராளமாக எழுதுங்கள், ஆனால் தொழிலோடு சேர்த்து எழுதுங்கள். 2010 உலகக் கிண்ணத்தின் முதல் போட்டியில் ஸ்பெயின் சுவிற்சர்லாந்திடம் 1-0 எனத் தோற்றதும், கோலுக்குப் பின்னால் நின்று செய்தி சேகரித்த பெண் ஊடகவியலாளர் ஸ்பெயின் கோல்காப்பாளர் காசியாஸின் காதலி என்பதால் பழியை அந்தப் பெண்ணின் தலையில் போட்டன சில பத்திரிகைகள். அதே காசியாஸ்தான் இறுதிப் போட்டியில் நெதர்லாந்தின் ரொபன் தனியாக வந்து அடித்த பந்தைக் கால் நுனியால் திருப்பிவிட்டார். தோல்விக்குக் காதலியைக் கேட்பவர்கள் அந்தக் கால் நுனிக்கு யாரைக் கேட்டார்கள்?

ஜேர்மனியின் கோல்காப்பாளர் ரொபர்ட் என்கேயைப் பற்றி ஒரு வரிகூட இல்லாதது எனக்கு வருத்தம். 2002இல் பார்சிலோனா மூன்றாம் பிரிவு அணியான நோவெல்டாவிடம் கிண்ணப் போட்டியில் தோற்றபோது பழி இவர் மீது விழுந்தது. சக வீரரே பகிரங்கமாகக் குறை சொன்னார். இதய நோயோடு பிறந்த மகளை 2006இல், அவளுடைய இரண்டு வயதில் இழந்தார். மன அழுத்த நோய்க்கு இரகசியமாகச் சிகிச்சை எடுத்தார், வெளியே தெரிந்தால் இடமும் போகும், தத்தெடுத்த குழந்தையும் பறிபோகும் என்று அஞ்சினார். 2009 நவம்பரில் 32 வயதில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அவர் பெயரில் இயங்கும் அறக்கட்டளை இன்று விளையாட்டு வீரர்களின் மனநலத்துக்காக வேலை செய்கிறது.

நம் நாட்டுப் பக்கமும் கொஞ்சம் பாருங்கள். தேசிய அணித் தலைவராக இருந்த கோல்காப்பாளர் சுஜான் பெரேரா சம்பளத்துக்கு விளையாடியது மாலைதீவு லீக்கில். இங்கே இராணுவம், கடற்படை, விமானப்படை, பொலிஸ் அணிகளில் இருப்பவருக்கு உத்தியோகச் சம்பளம் வரும். கொட்டாஞ்சேனை ரட்ணம் கழகம் போன்றவற்றில் ஆடுபவர் பகலில் வேறு வேலை தேட வேண்டும். 2023 ஜனவரியில் பீஃபா இலங்கைச் சம்மேளனத்தை இடைநிறுத்தி, ஓகஸ்டில்தான் தடையை நீக்கியது. அந்த ஏழு மாதமும் தேசிய அணியின் அந்த ஓர் இடமும் சர்வதேச மைதானத்தில் வெறுமையாகவே கிடந்தது. அந்தக் கணக்கை ஒருவர் எழுதினால் அரைப் பக்கம் போதாது.

இப்படிக்கு,
உங்கள் வாசகன்,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13

பி.கு.: கட்டுரையோடு வந்த சிறிய படத்தில் ஒரு பாடசாலைச் சிறுவனின் கையுறைகள் மொட்டை மாடிக் கம்பியில் உச்சி வெயிலில் காய்கின்றன. உள்ளங்கையில் இருப்பது இறப்பர் நுரை. வெயில் பட்டால் இறுகி வெடித்து, பிடிப்பு போய்விடும். குழாய்த் தண்ணீரில் அலசி, முறுக்காமல் அமர்த்திப் பிழிந்து, உள்ளங்கைகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் மின்விசிறிக் காற்றில் காயப் போடச் சொல்லுங்கள். விளையாடப் போகுமுன் உள்ளங்கையை இலேசாக ஈரப்படுத்தவும் வேண்டும். காய்ந்த நுரையில் பந்து வழுக்கும்.