கூலி தானாக உயரவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

கறுப்புச் சாவு என்ற கொள்ளைநோய்க்குப் பின் ஐரோப்பாவில் ஆள் குறைந்தது, கூலி உயர்ந்தது என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். இங்கிலாந்தில் நடந்தது அவ்வளவு எளிதல்ல. 1348-இல் நோய் கரையிறங்கியது. மறு ஆண்டே மன்னர் மூன்றாம் எட்வர்டு கூலிக்கு வரம்பு கட்டி ஆணையிட்டார். அது எடுபடாததால் 1351-இல் நாடாளுமன்றம் தொழிலாளர் சட்டம் கொண்டுவந்தது. நோய்க்கு முந்தைய கூலிதான் தரவேண்டும்: புல் அறுப்பவருக்கு நாளுக்கு 5 பென்னி, தலைமைத் தச்சருக்கு 3 பென்னி, சாப்பாடு கிடையாது. கருவியைக் கையில் வெளிப்படையாக ஏந்திச் சந்தை ஊருக்கு வந்து, பொது இடத்தில்தான் வேலைக்கு அமர வேண்டும். தனியாகப் பேரம் பேசினால் கூலி ஏறிவிடும் என்ற பயம்! மீறியவரைப் பூட்ட ஊர்தோறும் தொழுமரம் (காலை மாட்டிப் பூட்டும் மரக்கட்டை) வைக்கச் சொன்னது சட்டம்.

அப்படியும் அறுவடை நேரத்தில் கதிர் உதிர்ந்துபோகும் என்று பயந்த நில உடைமையாளர்களே மறைவில் கூடுதலாகக் கொடுத்தார்கள். சட்டம் அங்கேதான் ஓட்டையானது. தொழிலாளர் கையில் காசு புழங்கியதும் அவர்கள் உடை மாறியது. உழவரும் மேய்ப்பரும் முரட்டுத் துணிதான் உடுத்த வேண்டுமென்று 1363-இல் போட்ட சட்டம் இரண்டே ஆண்டில் திரும்பப் பெறப்பட்டது. கூலிக் கட்டுப்பாடு மட்டும் நீடித்தது. அந்தப் புகைச்சலோடு தலைக்கு 12 பென்னி வரியும் சேர்ந்தபோதுதான் 1381-இல் உழவர்கள் கிளர்ந்தெழுந்து லண்டனுக்குள் நுழைந்தார்கள்.

இப்படிக்கு,
வரலாற்று ஆசிரியர்கள் சிலர்