உங்கள் பழைய கிண்ணத்தையும் மேசையில் வையுங்கள்

தென்கொரியாவின் முன்கியோங் நகரக் குயவர்களுக்கும் தேநீர்க் கிண்ணத் திருவிழாவை நடத்துவோருக்கும்,

வணக்கம். சேஜே கணவாய் அடிவாரத்தில் 1999 முதல் நீங்கள் நடத்திவரும் விழாவுக்கு இந்த மே மாதம் வந்திருந்தேன். உங்களிடம் கேட்க ஒன்று இருக்கிறது.

ஒரு கடையில் பெரியவர் ஒருவர் இரண்டு கிண்ணங்களை என் முன் வைத்தார். இரண்டும் ஒரே சூளையில் ஒன்றாக வெந்தவையாம். ஒன்று விற்பனைக்கு. இன்னொன்று அவர் தினமும் தேநீர் குடிப்பது. புதுசு மங்கலான வெள்ளை. பூச்சில் மயிரிழை வெடிப்புகள், உற்றுப் பார்த்தால்தான் தெரியும். பழசில் அதே வெடிப்புகளுக்குள் தேநீர் இறங்கி, வாயோரம் தொடங்கி உட்குழிவு வரை பழுப்பு நரம்புகளாக ஓடியிருந்தது. "சாசிம்" என்றார்; தேநீர் இப்படி வெடிப்புகளில் ஊறி நிறம் பிடிப்பதற்கு அதுதான் பெயர். அப்புறம் கிண்ணத்தைக் கவிழ்த்து அடியைக் காட்டினார். அடிவளையத்தைச் சுற்றிப் பூச்சு திரண்டு, சொரசொரவென்று சிறு மணிகளாக நின்றது. விரலால் தடவச் சொன்னார். அதன் பிறகுதான் விற்பனைக்கு இருந்த மற்ற கிண்ணங்களை எப்படிப் பார்ப்பது என்றே எனக்குப் பிடிபட்டது.

சூளையைப் பற்றி நன்றாகவே விளக்குகிறீர்கள். கெண்டைக்கால் அளவு களிமண் உருளைகளை அடுக்கி எழுப்பும் மாங்டெங்கி சூளை, பைன் விறகு, தீயின் நிறத்தை வைத்தே பதம் பார்ப்பது, எல்லாம் புரிந்தது. ஆனால் சூளையை விட்டு வந்த பிறகு கிண்ணத்துக்கு இன்னொரு பாதி வாழ்க்கை இருக்கிறதே! கியோத்தோவின் தைத்தோகு-ஜி மடத்தில் இருக்கும் கிஸாயெமோன் கிண்ணம் உங்கள் கொரிய மண்ணில் வனைந்தது. வனைந்தவர் பெயர் யாருக்கும் தெரியாது. ஜப்பான் அதைத் தேசியப் பொக்கிஷமாக வைத்திருக்கிறது. தலைமுறை தலைமுறையாகக் கைகளில் புழங்கிய தடயமும் சேர்ந்துதான் அதன் அழகு.

அதனால் கேட்கிறேன்: ஒவ்வொரு கடையிலும் புதுக் கிண்ணங்களுக்குப் பக்கத்தில், நீங்கள் புழங்கும் ஒரு பழைய கிண்ணத்தையும் வையுங்கள். வருபவர்கள் கையில் எடுக்கட்டும், கவிழ்த்துப் பார்க்கட்டும். முடிந்தால் அதிலேயே ஒரு வாய் தேநீரும் கொடுங்கள். உடைந்துவிடுமோ என்ற பயம் இருக்கும், சரி. ஒரு தடித்த துணி விரித்து, உட்கார வைத்துக் கொடுத்தால் போதும். குழந்தைகளையும் விலக்காதீர்கள்.

அந்தப் பெரியவரிடம் வாங்கிய கிண்ணத்தில்தான் இப்போது தினமும் குடிக்கிறேன். வாயோரத்தில் இரண்டு மூன்று கோடுகள் நிறம் மாறத் தொடங்கிவிட்டன. அடுத்த முறை வரும்போது அதையும் எடுத்துவருகிறேன். அவர் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
உங்கள் விழாவுக்கு வந்த ஒரு தமிழ்ப் பயணி