நெல்ல வெட்டச் சொல்லாதீங்க

மதிப்பிற்குரிய ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

மாணவர் பக்கத்துல வாராவாரம் ஒரு இங்கிலீஷ் வார்த்தைக்கு அர்த்தம் போடுறீங்க, உபயோகமா இருக்கு, ஆனா போன வாரம் 'கட்'னா வெட்டுன்னு ஒத்த வரில முடிச்சுட்டீங்க, அதப் பாத்ததுல இருந்து மனசு ஆறல, அதான் எழுதுதேன்.

எம் பேத்தி ஏழாங்கிளாஸ் படிக்கா. விவசாயி நெல்ல கட் பண்ணாருன்னு இங்கிலீஷ்ல குடுத்து தமிழ்ல எழுதச் சொல்லிருக்காங்க, புள்ள 'அறுத்தார்'னு எழுதிருக்கு, அத சிவப்பு மையால அடிச்சு மேல 'வெட்டினார்'னு போட்டு ஒரு மார்க்கக் கொறச்சிட்டாங்க. கார், பிசானம்னு ரெண்டு போக நெல் அறுப்பையும் பாத்து வளந்த புள்ளைங்க இதுக, நெல்ல யாருய்யா வெட்டுவா?

களக்காட்டுப் பக்கம் ஒரு ஏத்தன் வாழைத் தோட்டத்துக்கு வந்து பாருங்க. தார வெட்டுவோம், இலைய அறுப்போம், பூவ ஒவ்வொரு மடலா பிரிச்சு உள்ள இருக்க வேகாத நரம்ப, அதான் கள்ளன், அத உருவிப் போட்டுட்டு பொடிசா அரிவோம், தண்ட வில்லை வில்லையா நறுக்கையில நாரு இழுபட்டு வரும், அத விரல்லயே சுத்திச் சுத்தி எடுத்துட்டு மோர்த்தண்ணில போடணும் இல்லன்னா கறுத்துரும். ஒரே வாழைல இத்தன சொல்லு. உடன்குடி பக்கம் பனங்காட்டுக்குப் போனா பாளைய சீவுதாங்க, ஓலைய கழிக்காங்க. இங்கிலீஷ்ல இது அத்தனைக்கும் கட்னே சொல்லிரலாம்.

அந்த மொழிய நான் கொறையா சொல்லல. ஒத்த சொல்லுகிட்ட அவங்க எவ்வளவு வேலை வாங்குதாங்க! இறந்த காலத்துலயும் அது கட்தான், அதுக்குன்னு உருவம் மாறாது. வெலைய கொறச்சா கட், சீட்டுக்கட்ட ரெண்டா எடுத்து வச்சா கட், வைரத்துக்குப் பட்டை போட்டா கட், சினிமால ஷாட்ட நிறுத்தவும் கட். கம்ப்யூட்டர்ல கட் அண்ட் பேஸ்ட்னு சொல்லுதோம்லா, அதுவே மேட்டர கத்தரியால வெட்டி பசை தடவி ஒட்டுன காலத்துல இருந்து வந்ததுதான், பேப்பர் ஆபீஸ்காரங்க உங்களுக்குத் தெரியாததில்ல.

நாமளும் அத சும்மா வாங்கல, ஆகு, பண்ணு, அடின்னு நம்ம சொல்ல வாலா ஒட்டித்தான் வச்சிருக்கோம். கரண்டு கட் ஆகுது, போன கட் பண்ணுதோம், காலேஜ் பையன் கிளாஸ கட் அடிக்கான். கரண்டு கட் அடிச்சுட்டுன்னு ஒருத்தரும் சொல்லமாட்டாங்க பாருங்க, அந்த வித்தியாசம் எழுதப்படிக்கத் தெரியாதவங்களுக்கும் தெரியும். இதெல்லாம் புள்ளைகளுக்கு எடுத்துச் சொன்னா எவ்வளவு ஆசையா படிக்கும்!

அதனால தயவுசெஞ்சு அடுத்த வாரம் 'கட்' வார்த்தைய திரும்பவும் போடுங்கய்யா, அறு, அரி, நறுக்கு, சீவு, கழி எல்லாத்தயும் சேத்து, எதுக்கு எதுன்னு ஒரு வரி எழுதிப் போடுங்க. டீச்சர்மாரும் உங்க பேப்பர்தான் படிக்காங்க. பேத்தி அத கத்தரிச்சு நோட்டுல ஒட்டணும்னு ஒரு பக்கத்த காலியா விட்டு வச்சிருக்கா.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
களக்காடு