நீ முன்னால் போ, நான் பின்னால் வருகிறேன்

கண்ணா,

புது சைக்கிள் படத்தை அனுப்பினாயே, நாலைந்து முறை எடுத்துப் பார்த்துவிட்டேன். வரும் ஞாயிற்றுக்கிழமை ஒரு குழுவோடு நந்தி மலை போகிறாய் என்று அப்பா சொன்னார். போனில் பேசினால் "சரிம்மா, சரிம்மா" என்று முடித்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன்.

நான் ஓட்ட ஆரம்பித்த இரண்டாம் வருடம் நடந்த ஒன்றை உன்னிடம் சொன்னதில்லை. ஈ.சி.ஆரில் கோவளம் தாண்டி பத்துப் பேர் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தோம், மணிக்கு 30 கிலோமீட்டர் வேகம் இருக்கும். என் பாட்டில் மாட்டும் கூண்டின் ஸ்குரூ இரண்டு வாரமாகவே லொடலொடவென்று ஆடிக்கொண்டிருந்தது, முறுக்கவேண்டும் என்று நினைப்பதும் மறப்பதுமாக இருந்தேன். ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியதும் பாட்டில் தெறித்து விழுந்தது. பின்னால் வந்த பெண்ணின் முன்சக்கரம் அதில் ஏறி, அவளுக்குக் காறை எலும்பு முறிந்துவிட்டது. அவள் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆலன் கீயை எடுத்து அரை நிமிஷம் திருப்பியிருந்தால் போதுமே என்பது இன்றைக்கும் உறுத்துகிறது.

அதிலிருந்து சனிக்கிழமை ராத்திரி சைக்கிளைத் தொட்டுப் பார்க்காமல் நான் படுப்பதில்லை. எல்லா ஸ்குரூவையும் தொட்டுப் பார்ப்பேன். டயரில் கண்ணாடித்துண்டு குத்தியிருக்கிறதா என்று சுற்றிவிட்டுப் பார்ப்பேன். காற்றை, டயரின் பக்கவாட்டில் போட்டிருக்கும் அதிகபட்ச எண் வரை அடிக்காதே, கல்லு மாதிரி துள்ளும். உன் எடைக்கும் 28 மி.மீ. டயருக்கும் காற்றழுத்தம் 70 பி.எஸ்.ஐ. பக்கத்தில் ஆரம்பித்துப் பார், பின்சக்கரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக.

செயினைத் துணியால் துடைத்துவிட்டு ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு எண்ணெய் விடு, ஊறியதும் வெளியே இருப்பதைத் திரும்பவும் துடைத்துவிடு, இல்லையென்றால் மண்ணெல்லாம் ஒட்டிக்கொள்ளும். எண்ணெய் பிரேக் டிஸ்க்கில் மட்டும் படவே கூடாது. மாதம் ஒருமுறை ஸ்கேல் வைத்துப் பார்: புதுச் செயினில் 12 முழுக் கண்ணிக்கு (உள்கண்ணி, வெளிக்கண்ணி இரண்டும் சேர்ந்து ஒன்று) சரியாக 12 அங்குலம் வரும், அது 1/16 அங்குலம் கூடிவிட்டால் மாற்றிவிடு. தள்ளிப்போட்டால் கேசட்டின், அதாவது பின்சக்கரத்தில் இருக்கும் பல்சக்கர அடுக்கின், பல்லையும் தேய்த்துவிடும்.

புது டிஸ்க் பிரேக் முதலில் சரியாகப் பிடிக்காது. ஞாயிறுக்கு முன்னால் ஆளில்லாத சாலையில் வேகமெடுத்து, நடக்கிற வேகத்துக்கு மெல்ல அடக்கு; ஒரு இருபது தடவை இப்படிச் செய்து பழக்கிவிடு. இதைச் செய்யாமல் அந்த மலையில் இறங்காதே. கொண்டை ஊசி வளைவுக்குள் நுழைவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும், வளைவுக்குள் போனபிறகு பிரேக்கை அழுத்தினால் டயர் வழுக்கும். சூரிய உதயம் பார்க்க ஏறி வரும் வண்டிகள் எதிரே இருக்கும், உன் பக்கத்தை விட்டு வெளியே போகாதே.

குழுவில் போவது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். முன்னால் போகிறவர் காற்றைக் கிழித்துக்கொண்டு போவதால் பின்னால் இருப்பவருக்குச் சமதளத்தில் கால்வாசி உழைப்பாவது மிச்சமாகும். அதனால்தான் முறை வைத்து முன்னால் போகிறோம், உன் முறை வந்ததும் வேகத்தைக் கூட்டி வீரம் காட்டாமல் அதே வேகத்தில் இழு. உன் முன்சக்கரம் முன்னால் இருப்பவரின் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒட்டிப் போகவே கூடாது, அவர் அரை அடி விலகினாலும் விழுவது நீதான். எழுந்து நின்று மிதிக்கும்போது சைக்கிள் ஒரு கணம் பின்னுக்கு வரும், அதை நிறைய பேர் கவனிப்பதில்லை. பள்ளம் தெரிந்தால் கை காட்டு, சத்தமாகவும் சொல். உனக்குப் பின்னால் வருகிறவர் உன் முதுகைத் தவிர வேறு எதையும் பார்க்க முடியாமல்தான் வருகிறார்.

அந்தப் பெண் மூன்று மாதம் கழித்துத் திரும்ப வந்தாள். இப்போதும் என் பின்னால்தான் ஓட்டுகிறாள்.

பொங்கலுக்கு வரும்போது சைக்கிளையும் கொண்டு வா. விடிவதற்கு முன் திருவான்மியூரில் கிளம்பினால் மகாபலிபுரத்தில் காபி குடிக்கலாம். நீ முன்னால் போ, நான் பின்னால் வருகிறேன்.

அம்மா