தாலேலோவுக்கு நான்கு குரல்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். நீ வேளாவேளைக்குச் சாப்பிடு.

நீ நான்கு குரலுக்கு அமைத்த தாலாட்டின் ஒலிப்பதிவு வந்தது. நம்மூர்ப் பெரியாழ்வாரின் ‘மாணிக்கம் கட்டி வயிரம் இடைகட்டி’யை அத்தனை வெள்ளைக்காரர்கள் நின்று பாடுகிறார்கள். பக்கத்து வீட்டு சாரையும் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினேன். மாணிக்கம், ஆணி, பேணி, மாணி என்று அடிக்கு அடி எதுகை விழும் இடத்தில் சோப்ரானோ என்கிற உச்சப் பெண்குரலில் தொடங்கி பாஸ் என்கிற அடி ஆண்குரல் வரை ஒவ்வொரு குரலாக நுழைகிறதே, அதை யாரும் சொல்லித் தந்திருக்க முடியாது. தாலாட்டு ராகமான நீலாம்பரியை அப்படியே போடாததும் சரிதான். பியானோக் கட்டையில் கமகம், அந்தச் சுர அசைவு, நிற்காது.

‘ண’வை மட்டும் எல்லோரும் ‘ன’ ஆக்கிவிட்டார்கள். நாக்கை மடக்கச் சொல். தாலேலோவில் மூன்று எழுத்தும் நெடில், கடைசி லோவைக் கத்தரிக்காதே. இரவில் வெகுநேரம் கண் விழிக்காதே. டாக்டர் சொன்ன மாத்திரையை விடாமல் சாப்பிடு.

பாஸ் குரல்களுக்கு, நுழைந்த ஒரு அடியைத் தவிர, வெறும் ‘ம்ம்’தான் கொடுத்திருக்கிறாய். இதைப் பாடியவரே யசோதையாகத் தன்னை நினைத்துக்கொண்ட ஓர் ஆண்பிள்ளைதானே! ஆண்களும் வார்த்தை சொல்லிப் பாடட்டும். மாப்பிள்ளை எப்படி இருக்கிறார்? அவரும் முன்போல போனில் பேசுவதில்லை. இரண்டு பேரும் ஆளுக்கொரு அறையில் இருக்காதீர்கள், சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

இந்தத் தாலாட்டின் பத்துப் பாசுரங்களில், பிரமன் தொட்டில் அனுப்பும் முதல் பாட்டோடு நிறுத்திவிட்டாய். இந்திரன் கிண்கிணி கொண்டுவரும் பாட்டு வரைக்கும் போகவில்லை. அது உன் விருப்பம், நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் முடிவில் எல்லாக் குரலும் ஓய்ந்த பிறகு பியானோவின் இடக்கை மட்டும் ஆடிக்கொண்டே இருக்கிறதே, அந்த இடத்தில் அம்மா எழுந்து உள்ளே போய்விட்டாள். அப்புறம் நானும் அதைக் கேட்கவில்லை. அங்கே ஆல்ட்டோ, அந்தத் தாழ்ந்த பெண்குரல், பாடுகிறவர்களுக்காவது ஒரு தாலேலோ கொடும்மா. தொட்டில் ஆடும்போது யாராவது பாடத்தான் வேண்டும்.

அம்மா பாஸ்போர்ட்டைப் புதுப்பித்துவிட்டாள், உன்னைக் கேட்காமலே. வந்தால் எதையும் கேட்கமாட்டாள், சமைத்துப் போடுவாள், அவ்வளவுதான். மூன்று மாதத்துக்கு டிக்கெட் போடட்டுமா? வரவேண்டாம் என்றாலும் நீயே போன் செய்து அவளிடம் சொல்.

அன்புடன்,
அப்பா