வயர் செற் வாங்காதே, மச்சான்

மச்சான்,

என் பழைய மொறிஸ் காருக்கென்று நீ லண்டனில் வாங்கி அனுப்ப இருந்த அந்த பிளக் வயர் செற்றை இன்னும் வாங்கவில்லை என்றால் வாங்காதே. வாங்கியிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடு. ஐந்து மாதமாக உனக்கு ஒரு வரி எழுதவில்லை, பிழை என்னுடையதுதான், போன கிழமை சந்தையில் உன் தங்கச்சியும் பிடித்து வைத்து ஏசினாள். வீட்டில் எல்லோரும் சுகம். இரணைமடுக் குளத்தில் தண்ணீர் நிறைய நிற்கிறது, காலபோக நெல் தப்பிவிடும்.

சரி, மொறிஸ் கதைக்கு வருகிறேன். இரண்டு பழைய எஞ்சின்களில் ஒன்றின் புளொக்கையும் மற்றதின் ஹெட்டையும் சேர்த்துக் கட்டினேன் என்று சொன்னேனே, அந்த 1098 சீசீ எஞ்சின் தீபாவளிக்கு அடுத்த நாள் உயிர் பிடித்தது. ஆனால் மூன்று சிலிண்டர்தான் அடித்தது. நாலாவது செத்துக் கிடந்தது. காபரேற்றரை இரண்டு தரம் கழற்றினேன், வால்வு இடைவெளியை 12 தௌவில் (ஒரு தௌ அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) திரும்ப வைத்தேன், பொறியை உண்டாக்கும் பொயின்ற்றின் இடைவெளியை 15இல் வைத்தேன், ஒரு மாற்றமும் இல்லை. ஒரு நாள் இரவு கரண்ட் போன நேரம் ஸ்ராட் பண்ணினால், நாலாவது வயரிலிருந்து நீல நிறத்தில் பொறி பறந்து பக்கத்து இரும்பில் இறங்குகிறது!

வயர் கொழும்பில் பஞ்சிகாவத்தைப் பழைய சாமான் கடையில் எடுத்தது, ஏதோ ஜப்பான் காருடையது. நீளம் கூடி டைனமோ பெல்ற்றில் உரசியதால் பிளேட்டால் வெட்டிக் குட்டையாக்கினேன். அதன் உள்ளே செம்பு இல்லை மச்சான், கரி ஏற்றிய நூல். பொறியை நாலு பிளக்குக்கும் பிரித்து அனுப்பும் டிஸ்ரிபியூற்றரின் மூடியோ என்னுடையது பழையது, வயரைப் பக்கத்தால் செருகி உள்ளிருந்து கூர்த் திருகாணியை முறுக்கினால் அது ரப்பரைத் துளைத்துச் செம்பில் போய்க் குத்தும். நூலில் குத்தினால் நூல் அறுந்துவிடும். மீற்றர் பிடித்துப் பார்த்தேன், மற்ற மூன்றும் எட்டாயிரம் ஓம் அளவில் காட்டின, நாலாவது ஒன்றும் காட்டவில்லை. நீ அனுப்ப இருந்த செற்றும் கரி நூல்தான், படத்தை உற்றுப் பார்த்தேன்.

பெரியப்பாதான் வழி சொன்னார். கிளிநொச்சியில் மோட்டார் சைக்கிள் சாமான் கடையில் 7 மில்லிமீற்றர் செம்பு வயர் இரண்டரை மீற்றர், நாலு பிளக் தொப்பி. அந்தத் தொப்பிக்குள் திருகு இருக்கிறது, வயரின் முனையில் வைத்துத் திருகினால் செம்புக்குள் இறங்கிப் பிடித்துக்கொள்ளும், குறடும் வேண்டாம், ஈயமும் வேண்டாம். உள்ளே ஐயாயிரம் ஓம் இருப்பதால் ரேடியோவும் இரையாது. பிளக்கின் தலையில் இருக்கும் சின்ன நட்டை மட்டும் கழற்றிவிட வேண்டும். இந்த முறை ஒவ்வொரு வயரையும் எஞ்சினில் பிடித்துப் பார்த்துத்தான் வெட்டினேன், எஞ்சின் ரப்பரில் நின்று ஆடும் என்பதால் கொஞ்சம் தொய்வும் விட்டேன். பிளக்குகள் அடிக்கும் ஒழுங்கில் வயரைச் செருகினேன், 1-3-4-2, இடஞ்சுழியாக. முதல் முறுக்கிலேயே நாலும் அடித்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டு அம்மா அடுப்படியை விட்டு ஓடி வந்தா.

அம்மா ஏன் ஓடி வந்தா என்று உனக்குத் தெரியும். சண்டைக் காலத்தில் பெற்றோல் வராதபோது அப்பா நாலு துளி பெற்றோலில் தன் ஒஸ்ரின் ஏ40 காரை உயிர்ப்பித்து மண்ணெண்ணெயில் ஓட்டினாரே, நாங்கள் இருவரும் விறாந்தையில் இருந்து கரி பிடித்த பிளக் உரஞ்சினோமே, அதே சத்தம். 2009 மாசியில் சண்டையில் இடம்பெயர்ந்து தேவிபுரத்தில் அந்தக் காரை விட்டுவிட்டு நடந்தபோது, யாரும் ஓட்டிக்கொண்டு போகக்கூடாது என்று டிஸ்ரிபியூற்றருக்குள் சுற்றும் ரோட்டரைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டார். திரும்பி வந்து எடுக்கலாம் என்று அவர் நிச்சயமாக நம்பினார். அந்த ரோட்டர் இப்போது என் மேசை லாச்சியில் இருக்கிறது. இந்த எஞ்சினில் போட்டுப் பார்க்க எனக்கு இன்னும் மனம் வரவில்லை, நீ வந்த பிறகு பார்ப்போம்.

ஆடியில் வருகிறாய்தானே? வரும்போது ஒரு டிஸ்ரிபியூற்றர் மூடி மட்டும் வாங்கி வா. லூக்காஸ் 25டி4, வயர் பக்கத்தால் செருகுவது, உள்ளே திருகாணி உள்ளது. மேலால் செருகுவதை வாங்கி வந்துவிடாதே.

உன்,
மச்சான்